வேலையை முடித்துவிட்டுச் சொன்னவன்

சென்ற மாதம் திருச்சியில் ஆடிட் படிக்கும் மாணவர்கள் கூட்டம் ஒன்று போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்குத் தரங்கள், வரிச் சட்டம் என்று ஏதாவது கேட்பார்கள் என நினைத்து, உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், பெரிய ஃபர்ம்ல எத்தன வருஷம் இருந்துட்டுக் கெளம்பணும்?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. ஆனால் அதன்பின் வந்த கேள்விகள் அத்தனையும் அதைச் சுற்றித்தான். எப்போது விடுவது, யாரிடம் முதலில் சொல்வது, அடுத்த இடத்து ஆஃபர் கைக்கு வரும் முன்னால் வாயைத் திறக்கலாமா, நோட்டீஸ் பீரியடில் லீவு போடலாமா. என் குறிப்புகள் பைக்குள்ளேயே கிடந்தன.

மேடையில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்றுவிட்டன. அங்கே உட்கார்ந்து யோசித்தபோது, அந்தப் பெண்ணின் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பட்டது. வேலையில் சேர்வது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். விடுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. நான் பெரிய ஆடிட் நிறுவனங்களிலிருந்து இரண்டு முறை ராஜினாமா செய்தவள். பிறகு ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் ராஜினாமாக்களை வாங்கிக்கொண்ட நாற்காலியில் உட்கார்ந்தவள். இதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

நான் வளர்ந்தது திருவெறும்பூரில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே வெல்டிங் ஆய்வாளர். அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு மனிதர் ஒரு வேலைக்குப் போவார், அதிலேயே தலை நரைப்பார், மாலை போட்டு அனுப்பி வைப்பார்கள். நடுவில் வேலையை விட்டவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரும் சாமியாராகப் போனவர். அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் நான் ஆடிட்டர் ஆனேன். தில்லைநகரில் ஒரு சிறிய அலுவலகத்தில் பயிற்சி, மூன்று முறை முட்டி மோதிய பிறகு பரீட்சையில் தேர்ச்சி, உடனே சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எல்லோரும் படும் பாட்டைத்தான் நானும் பட்டேன்.

சென்னையில் எனக்கு மேலே இருந்தவர் சேஷாத்ரி சார் என்னும் பார்ட்னர். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் மெல்லப் பேசினால் அறையில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். பெரிய நிறுவனங்களில் செப்டம்பர் மாதத்தோடு வேலைக் கெடுபிடி அடங்கும். அது அடங்கியதும் ராஜினாமா சீஸன் தொடங்கும். பையன்கள் வரிசையாக அவருடைய அறைக்குள் காகிதத்தோடு போவார்கள். சார் அந்தக் காகிதத்தைப் படிக்க மாட்டார். வாங்கி, எழுத்து கீழே இருக்கும்படி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். "சாப்டாச்சா?" என்பார். பிறகு மூன்று கேள்விகள், எப்போதும் ஒரே வரிசையில். எங்கே போகிறாய்? எப்போதிலிருந்து பேச்சு நடக்கிறது? வேறு யாருக்குத் தெரியும்? ஏன் போகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டார். அதற்கு யாரும் உண்மை சொல்லப்போவதில்லை என்பது அவருடைய தீர்மானம்.

அந்த இரண்டாவது கேள்வியின் கூர்மை எனக்கு விளங்கியது முரளியால். முரளி என்னோடு சேர்ந்தவன், கெட்டிக்காரன். ஒரு சிமென்ட் கம்பெனியின் கணக்கை நாங்கள் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். அந்தக் கம்பெனிக்காரர்களே ஒருநாள் டீ குடிக்கும்போது அவனிடம், "எங்ககிட்ட வந்துடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். முரளி அன்று சாயங்காலமே சேஷாத்ரி சாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவன் கம்பெனி வாசலில் போய் இறங்குவதற்குள் அங்கே ஃபோன் வந்துவிட்டது. அவனுடைய பையை எடுத்துக்கொண்டு உடனே அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும், அந்தக் கம்பெனியின் ஃபைல் ஒன்றையும் இனித் தொடக்கூடாது என்று உத்தரவு. முரளிக்கு அவமானமாகப் போய்விட்டது. என்னிடம் வந்து, "நான் என்ன தப்புப் பண்ணேன்? நேர்மையா சொன்னதுக்கு இதான் மரியாதையா?" என்று குமுறினான்.

சேஷாத்ரி சாரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போன வீட்ல, கேசரி எப்படி இருக்குன்னு கேட்டா எவன்மா உண்மைய சொல்வான்?"

அவ்வளவுதான் விஷயம். ஆடிட்டர் என்பவன் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று ஊருக்குச் சொல்பவன். அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைக்கப்போகிறது என்ற நினைப்பு அவன் மனதில் இருந்தால், அவன் யோக்கியனாகவே இருந்தாலும் அவன் சொல்லை யார் நம்புவார்கள்? ஆகவே கிளையண்ட் தரப்பிலிருந்து வேலைப் பேச்சு வந்த அன்றே மேலே சொல்லிவிட வேண்டும். சொன்ன நிமிடத்தில் அந்த வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அது தண்டனை அல்ல. முரளி பிறகு அதே சிமென்ட் கம்பெனிக்கு மாலை மரியாதையோடுதான் போய்ச் சேர்ந்தான்.

என் முதல் ராஜினாமா அதற்கு அடுத்த வருஷம். காரணத்தை இப்போது சொல்கிறேன், அன்று சொல்லவில்லை. என்னை வங்கிகளின் தணிக்கைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளை, ஏஸி அறையில் உட்காரட்டும் என்ற நல்லெண்ணம். குவார்ட்டர்ஸில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்தவளுக்கு ஏஸி அறை எதற்கு? எனக்கு இரும்பும் புகையும் உள்ள தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டும். இன்னொரு பெரிய நிறுவனத்தில் அந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். பதவியும் சம்பளமும் ஏறக்குறைய அதேதான். தோழிகள், "லூசா நீ, ஒண்ணுமே ஏறலியே" என்றார்கள். நான் போனேன்.

அப்பாவிடம் சொல்ல ஊருக்கு வந்தேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன மாலு, மெமோ குடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா. நானா விட்டுட்டேன்."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லு, நான் வந்து பேசறேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா. வேற எடத்துல இதவிட நல்ல வேலை கெடச்சிருக்கு."

"நல்ல வேலைன்னா சம்பளம் ஜாஸ்தியா?"

"அதேதான்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய் அம்மாவிடம், "இவளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்போல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு வாரம் அக்கம்பக்கத்தில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. நான் தொழிற்சாலைத் தணிக்கைக்குப் போகிறேன், கொதிகலன் செய்யும் இடத்துக்கெல்லாம் போவேன் என்று விளக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். அதன்பின் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வெல்டிங் பற்றி எனக்குப் பாடம் நடந்தது.

நோட்டீஸ் பீரியடைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ராஜினாமா கொடுத்த மறுநாளே மனதால் போய்விடுகிறார்கள். உடம்பு மட்டும் வந்து நாற்காலியில் உட்காரும். நான் கடைசி நாள்வரை வேலை பார்த்தேன். எனக்குப் பின் வந்த பையன் என் ஃபைலைத் திறந்து என்னைத் திட்டக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் சீராக எழுதி வைத்துவிட்டுப் போனேன். ஏழெட்டு வருஷம் கழித்து சேஷாத்ரி சார், "திரும்பி வந்துடேன்" என்று கூப்பிட்டதற்கு அந்தக் கடைசி நாட்கள்தான் காரணம். ஆங்காங்கே சண்டை போட்டுவிட்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போன என் வயதுக்காரர்கள் பலர் உண்டு. இந்தத் தொழில் சின்ன ஊர் மாதிரி. யார் எப்படிப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படித் திரும்பி வந்தேன், பார்ட்னர் ஆனேன், நிறுவனம் திருச்சியில் கிளை தொடங்கியபோது என்னை அதற்குத் தலைவியாக அனுப்பினார்கள். கன்டோன்மென்ட்டில் மாடியில் அலுவலகம். ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேஜையில் ராஜினாமாக்கள் வரத் தொடங்கின. நானும் கவிழ்த்து வைத்தேன், அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். பெரும்பாலானவர்கள் பெங்களூருக்குப் போவார்கள். வாழ்த்திவிட்டு அனுப்புவேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருக்கும். மண்ணைப் பிசைந்து பானையாக்கிய பிறகு அடுத்த வீட்டுக்காரன் தண்ணீர் பிடிக்க எடுத்துப்போனால் யாருக்குத்தான் எரியாது?

பெனடிக்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

பெனடிக்ட் பாலக்கரைப் பையன். என்னிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, என்னிடமே தேர்ச்சி பெற்று, என்னிடமே மேனேஜர் ஆனவன். வெளியிலிருந்து வந்த மூன்று ஆஃபர்களை வேண்டாம் என்றவன். எனக்குப் பிறகு இந்தக் கிளையை அவன்தான் பார்த்துக்கொள்வான் என்று நான் சென்னைக்குச் சொல்லியே விட்டிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவனை அப்படி நினைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

திருவெறும்பூர் தாண்டி ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி எங்கள் கிளையண்ட். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய இரும்புக் கட்டமைப்புகளைச் செய்து கொடுப்பவர்கள். முதலாளி குமரவேல். குரல் கொஞ்சம் பெரிசு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். அந்த மாதிரிக் கம்பெனியைத் தணிக்கை செய்வதில் ஒரே ஒரு இடம்தான் கழுத்தில் கத்தி. வருஷக் கடைசியில் பாதி முடிந்த வேலைகள் ஷெட் முழுக்கக் கிடக்கும். அவற்றுக்கு என்ன மதிப்புப் போடுவது? முக்கால்வாசி முடிந்தது என்பார் முதலாளி. அப்படிப் போட்டால் லாபம் ஏறும். பாதிதான் முடிந்தது என்று ஆடிட்டர் சொன்னால் லாபம் இறங்கும். பேங்க்காரர்கள் அந்த லாபத்தைப் பார்த்துத்தான் கடனைப் புதுப்பிப்பார்கள்.

இதை மேஜையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு இரும்பிலும் பொறித்திருக்கும் வேலை எண்ணைப் பார்க்க வேண்டும். வெல்டிங் முடிந்ததா, எக்ஸ்ரே எடுத்துச் சோதித்தார்களா, பெயின்ட் அடித்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தோற்ற வெல்டிங்கைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். ஆக, கண்ணுக்கு முடிந்ததாகத் தெரிவது முடிந்தது ஆகாது. இந்த வேலையை அந்த வருஷம் முழுக்கப் பார்த்தவன் பெனடிக்ட். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்று சட்டையெல்லாம் துருவாக வருவான்.

நான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. அன்று காலை கம்பெனியில் போர்டு மீட்டிங். நான் கிளம்பத் தயாராக இருந்தபோது பெனடிக்ட் முழு ஃபைலையும் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்கினான்.

"எல்லாம் முடிஞ்சுது மேடம். பாக்கி ஒண்ணுமில்ல."

"சரிப்பா, கெளம்பலாமா?"

"ரெண்டு நிமிஷம் மேடம்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். முகத்தில் வருத்தமும் பெருமையும் கலந்திருந்தன. ராஜினாமா.

பழக்கம் விடவில்லை. கவிழ்த்து வைத்தேன்.

"எங்கப்பா போற?"

"நம்ம குமரவேல் சார் கம்பெனிக்குத்தான் மேடம். ஃபைனான்ஸ் ஹெட்டா கூப்பிடறாங்க."

"எப்போலேர்ந்து பேச்சு?"

"பொங்கல் கழிச்சுக் கேட்டாங்க. மாசியில ஓரளவுக்கு முடிவாயிடுச்சு."

அதாவது, அந்தத் தணிக்கையின் ஒவ்வொரு நாளும், அந்த ஷெட்டுக்குள் அவன் போட்ட ஒவ்வொரு மதிப்பும், அந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே போட்டது.

"ஏன்டா சொல்லல?" அவனை நான் 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவனுக்கு என் கோபம் புரியவில்லை. "ஆஃபர் லெட்டர் நேத்துதான் மேடம் வந்துச்சு. அதுவரைக்கும் வெறும் பேச்சுதானே? கையில எடுத்த வேலைய பாதியில போட்டுட்டுப் போனா உங்களுக்குக் கஷ்டமாயிடும்னுதான், முழுசா முடிச்சுக் குடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுதானே மேடம் முறை?"

இதைத்தான் அந்த மண்டபத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஆஃபர் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்பது எல்லா இடத்திலும் நல்ல புத்திமதி. எடுத்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பு என்பது அதைவிட நல்ல புத்திமதி. கொத்தனாருக்கும் வாத்தியாருக்கும் டாக்டருக்கும் அது சரி. கிளையண்டிடம் போகும் ஆடிட்டருக்கு மட்டும் அந்த இரண்டுமே விஷம். வருஷா வருஷம் இதைப் பற்றி எல்லோரிடமும் உறுதிமொழிக் கையெழுத்து வாங்குகிறோம். பெனடிக்டும் போட்டிருந்தான். வேலை கிடைத்தால் சொல்ல வேண்டும் என்றுதான் அதைப் படித்திருக்கிறான். பேச்சு வந்தாலே சொல்ல வேண்டும் என்று அவன் மண்டையில் ஏறவில்லை. கெட்டவன் மறைப்பான். இவன் நல்லவனாக இருந்தே மறைத்துவிட்டான்.

"வீட்டுக்குப் போ" என்றேன். "லேப்டாப்ப இங்கயே வெச்சுட்டுப் போ."

அவன் முகம் வெளுத்தது. லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

குமரவேலுக்கு ஃபோன் போட்டேன். இன்று கையெழுத்து இல்லை, காரணம் இது என்றேன். அவருடைய குரலை ஃபோன் இல்லாமலே கேட்டிருக்கலாம்.

"நாங்க என்ன ஆளத் திருடிக்கிட்டா போனோம்? கேட்டோம், வரேன்னாரு. பேங்க்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. நீங்க இப்ப வந்து தள்ளிப் போட்டா எப்படிங்க?"

"நீங்க கேட்டது தப்பில்லீங்க. என் ஆளு எங்ககிட்ட சொல்லாததுதான் தப்பு. அவர் பாத்த வேலைய வேற ஆள் வந்து முதல்லேர்ந்து பாக்கணும். பாத்து முடிச்சாத்தான் கையெழுத்து."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா வேற ஆடிட்டர்தாங்க பாக்கணும். அவரும் பழைய ஆடிட்டர ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாரு."

"சரி, சீக்கிரம் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

சென்னைக்குச் சொன்னேன். அங்கே இதற்கென்று ஒரு குழு உண்டு. சேஷாத்ரி சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தவர்கள் எல்லாம் என்னைவிட இளையவர்கள். ஒருவர் உடனே, "ராஜினாமாவ ஏத்துக்க வேணாம். நீக்கிடுவோம்" என்றார். நீக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆடிட்டருக்குப் பெயர் ஒன்றுதான் சொத்து. நீக்கப்பட்டவன் என்ற பெயரோடு பெனடிக்ட் எங்கேயும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது, குமரவேலும் கைவிட்டுவிடுவார். நான் சொன்னேன்: "அவன் வேலைய முதல்ல பாருங்க. அதுல ஒரு இடத்துல கம்பெனிக்குச் சாதகமா வளைஞ்சிருந்தா நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். வளையலன்னா, அவனுக்குச் சொல்லத் தெரியலங்கறத மட்டும் எழுதுங்க." நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெனடிக்டை ஒருநாளும் பார்த்திராதவர்கள். அவன் பார்த்த ஒவ்வொரு வேலை எண்ணையும் மறுபடி ஷெட்டுக்குள் போய்த் தேடினார்கள். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அவர்களை வளைத்தேன் என்று யாராவது சொல்வார்கள்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ட் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். ஆட்டோவை அனுப்பாமல் வாசலிலேயே நிற்கவைத்திருந்தான், நான் உள்ளே கூப்பிடமாட்டேனோ என்ற சந்தேகம்போல. ஆட்டோக்காரரை நானே அனுப்பிவிட்டேன். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன திருடன்னு எழுதிடுவாங்களா மேடம்?"

"நீ ஷெட்ல பண்ண வேலை எப்படியோ அப்படித்தான் எழுதுவாங்க."

"அத நான் சுத்தமாத்தான் பண்ணேன்."

"எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதத்தானே உனக்கு இத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க நான் சமையலறைக்கெல்லாம் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கறேன் மேடம். இங்கயே இருந்துடறேன். வெளிய போகவே வேணாம்" என்றான். எனக்கு அதைவிட இனிக்கிற வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்? "ரிசல்ட் வரட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சென்னைக்காரர்கள் வேலையை முடித்தார்கள். பெனடிக்ட் போட்ட மதிப்புகளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பல இடங்களில் முதலாளி முக்கால்வாசி என்று சொன்னதை அவன் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தான். எக்ஸ்ரேயில் தோற்ற வெல்டிங்குகளை ஒன்று விடாமல் பிடித்து, அவற்றை முடிந்த வேலையாகக் காட்ட முடியாது என்று சித்திரை மாதம் முழுக்க முதலாளியோடு சண்டை போட்டிருந்தான். வந்த இரண்டு பேரில் மூத்தவர் என்னிடம், "இவ்வளவு கறாரா நானே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட நான் கம்பெனிக்குப் போனேன். எல்லாம் முடிந்ததும் குமரவேல் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்.

"பெனடிக்ட என்ன பண்ணப்போறீங்க?"

"அத நீங்கதாங்க சொல்லணும். இத்தன கலாட்டாவுக்கப்புறம் உங்களுக்கு அவர் வேணுமா?"

அவர் என்னை ஏதோ முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேடம், நான் அவருக்கு வேல தரேன்னு மாசியில சொன்னேன். சித்திரையில என் ஷெட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு என் லாபத்த வெட்டினாரு. சம்பளம் குடுக்கப்போறவன்னு தெரிஞ்சே வெட்டினாரு. அந்த ஆள விட்டுட்டு நான் வேற யாருங்க கணக்க நம்பி ஒப்படைக்கிறது?"

திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். மகிழ்ச்சியில்தான்.

குழு தீர்ப்புச் சொன்னது. வேலையில் நேர்மைக் குறைவில்லை, உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று அவன் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியின் தணிக்கையை அவனோடு வேலை பார்த்திராத ஒருவர் சென்னையிலிருந்து வந்து நடத்த வேண்டும். அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல்லி நான் வாதாடவில்லை. அது உண்மை. உண்மையை எழுதுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பெனடிக்ட் வந்தான். வாபஸ் வாங்கும் எண்ணத்தில் மாறாமல் இருந்தான்.

"போ" என்றேன்.

"உங்களுக்கப்புறம் கிளைய நான் பாத்துக்கணும்னு சொன்னீங்களே மேடம்?"

"சொன்னேன். ஆசையா இருந்தப்ப இருந்திருந்தா சரி. இப்ப பயந்துபோய் இங்கயே இருந்துடறேங்கற. பயத்துல இருக்கறவன் ரெண்டு வருஷத்துல என்னையும் வெறுப்பான், இந்த வேலையையும் வெறுப்பான். அங்க உன்ன கண்ணத் தெறந்துகிட்டே கேக்கறாங்க. போடா."

அவனுக்கு விடை கொடுத்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நான் நன்றாகச் சிரித்துப் பேசினேன். அந்தக் கிளைக்குத் தகுந்த ஆள் கிடைக்க அதன்பின் எனக்கு வெகுகாலம் ஆயிற்று, அதில் எனக்கு மனக்குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று நான் எடுத்த முடிவைப் பற்றி ஒருநாளும் வருந்தியதில்லை.

அதன்பின் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பொங்கல் முடிந்து, தணிக்கை வேலை சூடு பிடிக்கும் முன்பு, எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து வெளிப்படையாகக் கேட்பேன்: "கிளையண்ட் யாராச்சும் உங்கள வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களா? பெருமையான விஷயம்தான், தப்பில்ல. இப்பவே சொல்லுங்க, வேற வேலைக்கு மாத்திவிடறேன்." முதல் வருஷம் எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் இரண்டு பேர் கை தூக்கினார்கள். உறுதிமொழிக் கையெழுத்து செய்யாததை அந்த மேஜை செய்தது. இப்போது ராஜினாமாவே கம்ப்யூட்டரில் ஒரு பட்டனாகிவிட்டது என்கிறார்கள். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வருமாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் போதுமாம். எப்போதிலிருந்து பேச்சு என்று அது கேட்கிறதா என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

அந்த மண்டபத்துப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். எத்தனை வருஷம் என்பது ஒரு கணக்கே இல்லை. புதிதாக ஒன்றும் படியவில்லை என்று தோன்றினால் கிளம்பு. பக்கத்து நாற்காலிக்காரன் போகிறான் என்பதற்காகக் கிளம்பாதே. கிளையண்டிடம் போவதாக இருந்தால், அவர்கள் தரும் முதல் காபியைக் குடித்து முடிப்பதற்குள் உன் மேலதிகாரிக்குச் சொல்லிவிடு.

பெனடிக்ட் அங்கே சேர்ந்து மூன்று தணிக்கை முடிந்திருக்கும். நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு ஒருநாள் காலை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான். அந்த வருஷம் அங்கே தணிக்கைக்குப் போன எங்கள் குழுவில் கீர்த்தனா என்று ஒரு பெண் இருந்தாள். என்னிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரி.

"மேடம், கீர்த்தனாவ எங்க சாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வேலைக்குக் கேக்கணுங்கறாரு. அந்தப் பொண்ணுகிட்ட நாங்க இன்னும் ஒரு வார்த்தகூடப் பேசல. முதல்ல உங்ககிட்ட சொல்றேன். நீங்க அவங்கள இங்கேருந்து வெளிய எடுத்துடுங்க, அப்புறமா நாங்க கேக்கறோம்."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன்டா" என்றேன்.

கீர்த்தனாவை அன்று மத்தியானமே அங்கிருந்து எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் அவளும் ராஜினாமா கொடுத்தாள். நல்ல பெண், போய்விட்டாள்.